கத்தரி இடுக்கிப் பாட்டு

என் அண்ணிக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. கரகரத்த தொண்டை. மேலே ஏற வேண்டிய இடத்தில் பக்கவாட்டில் நடக்கும். ஆனாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இருபது தடவை பாடுகிறவர் அவர்தான். கேலி செய்தால், "என் பாட்டால இதுவரைக்கும் ஒரு நோயாளிக்கும் கெடுதல் வரல. நல்லாப் பாடுறவங்க எத்தனை பேரு இப்படி அடிச்சுச் சொல்ல முடியும்?" என்பார்.

நான் அவருடைய கொழுந்தன். பதினெட்டு வயதில் எந்த வேலையிலும் ஒட்டாமல் திரிந்தவனைக் காதைப் பிடித்து இழுத்துவந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டவர் அவர். ஆகவே அவரைக் கேலி செய்யும் உரிமையும் அவருக்குப் பயப்படும் கடமையும் எனக்கு உண்டு. இருபத்தாறு வருஷமாக இரண்டையும் ஒழுங்காகச் செய்துவருகிறேன்.

எங்கள் அறை தரைத்தளத்துக்கும் கீழே, லிஃப்ட் கதவுக்கு எதிரே இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து அழுக்கோடு வரும் கத்தரி, இடுக்கி, கத்திப்பிடி எல்லாம் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வரும். பெண்கள் அவற்றைக் கழுவி, துடைத்து, மூட்டுக்கு எண்ணெய் விட்டு, எண்ணி, தட்டில் வரிசையாக அடுக்கி, பச்சைத் துணியை இரட்டையாகச் சுற்றி டேப் ஒட்டுவார்கள். பிறகு என் கைக்கு வரும். கிருமி சாக நான் ஆவி இயந்திரத்துக்குள் தள்ளிக் கதவைத் திருகுவேன். மறுபக்கக் கதவு வழியாகத் தட்டு மேலே ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விடும். வயிற்று ஆபரேஷனுக்கான பெரிய தட்டில் நாற்பத்தாறு உருப்படி. ஒன்று குறைந்தாலும் அங்கே ஒருவர் வயிறு திறந்தபடி கிடப்பார், டாக்டர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அப்புறம் எங்கள் அறைக்கு வரும் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. எல்லோருக்கும் திடீரென்று கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும்.

ஆரம்ப காலத்தில் வாரம் இரண்டு தட்டு குறையோடுதான் போய்க்கொண்டிருந்தது. காரணம் சோம்பல் இல்லை. துறைமுகம் உள்ள ஊர் என்பதால் அறையில் ஏழு பெண்கள், நாலு பாஷை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, கண்ணாடியோ எப்போதும் வீட்டில் இருக்கும். ஒருத்தி "கத்தரி" என்றால் இன்னொருத்தி இடுக்கியை எடுத்து நீட்டுவாள்.

அந்த நாட்களில் கப்பல்காரி என்று ஒரு பெண் வேலைக்கு வந்தாள். அவள் கணவர் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிறவர் என்பதால் அந்தப் பெயர். எங்கள் பாஷையில் அவளுக்குத் தெரிந்தது மூன்று வார்த்தை: அக்கா, சரி, போதும். முதல் ஒரு வருஷம் அந்த மூன்றையும்கூடச் சிக்கனமாகத்தான் செலவழித்தாள். பிறகு வயிற்றில் பிள்ளை வந்ததும் தனக்குள்ளேயே பாட ஆரம்பித்தாள். கை தட்டில் அடுக்கும், வாய் முணுமுணுக்கும். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் அண்ணி ஒன்றைக் கவனித்தார். அவள் கட்டிய தட்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"அவ பட்டியலைப் பாக்கல தம்பி. பாட்டு முடியுது, தட்டும் முடியுது. ரெண்டும் ஒண்ணாத்தான் முடியுது" என்றார் என்னிடம். அன்றே அந்த மெட்டில் தன் சொல்லைப் போட்டார். அண்ணி கவிஞர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

துணியைக் கவ்வும் கிளிப்பு ஆறு,
கத்திக்குக் கைப்பிடி ரெண்டு,
வளைஞ்ச கத்தரி, நேர்க் கத்தரி,
வாயைத் தொறந்து பாரு நின்னு;
குட்டி இடுக்கி எட்டைச் சேரு,
நீட்டு இடுக்கி நாலு,
வயித்துச் சட்டம் கடைசியில் வந்து
வரிசை முடிஞ்சது, மூடு.

இப்போது நாங்கள் பாடுவது இது, முழுசாக இன்னும் நீளம். மாதிரிக்கு இவ்வளவு போதும். நெட்டையக்கா என்று நாங்கள் கூப்பிடும் உயரமான பெண் அதே மெட்டில் தன் பாஷையைப் போட்டாள். மற்றவர்களும் அப்படியே. நாலு பாஷை, ஒரே மெட்டு. ஒருத்தி கிளிப்பில் இருக்கிறாளா கத்தரியில் இருக்கிறாளா என்பது சொல் புரியாமலேயே மெட்டின் இடத்தை வைத்து அடுத்தவளுக்குத் தெரிந்துவிடும். அந்த வருஷத்தோடு குறை போவது நின்றது. இன்றைக்கும் புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் கையுறை, இரண்டாம் நாள் பாட்டு.

ஏழாம் மாதத்தில் கப்பல்காரியின் கணவருக்கு வேறு துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. எல்லோரையும் கட்டிப்பிடித்து, "அக்கா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். விடைபெறுகிறாளா, அழாதே என்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு ஒரு செய்தியும் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் அழுக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்து நாலு வயது இருக்கும். கையில் ஒரு பழைய கடிதம், அதற்கு மேல் ஒரு போட்டோ. நம் பாஷையைப் புத்தகத்தில் படித்துக் கற்றவள் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. செய்தி வாசிப்பது போலப் பேசினாள்.

"மன்னிக்கவும். என் தாயார் இங்கே வேலை செய்தார் என்று அறிகிறேன். அவரை அறிந்தவர்கள் எவரேனும் இருக்கிறார்களா?"

அண்ணி போட்டோவை வாங்கிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியாகவே கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார், ஈரக் கையுறையோடு. அழுக்குப் பக்கத்தில் போடும் கையுறை அது. எங்கள் அறை விதிகளில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது, அண்ணியே எழுதிய விதிதான்.

"கப்பல்காரி பொண்ணு" என்றார். "அம்மா எப்படி இருக்கா?"

அம்மா இல்லை. பிரசவமான மூன்றாம் நாளே போய்விட்டாளாம். பிள்ளையைச் சித்தி வளர்த்திருக்கிறாள். அப்பா கப்பலிலேயே காலம் கழித்தவர். அம்மாவைப் பற்றிக் கேட்டால், "பாடிக்கொண்டே இருப்பாள்" என்பாராம். என்ன பாட்டு என்றால், அவருக்குக் கப்பல் சங்குக்கும் புல்லாங்குழலுக்கும் வித்தியாசம் தெரியாது. சித்திக்கு அம்மா எழுதிய கடைசிக் கடிதம்தான் அந்தப் பெண் கையில் இருந்தது. அதைத் தன் பாஷையில் வாசித்து எங்கள் பாஷையில் சொன்னாள்: "வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறேன். இங்கே என்னோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் அதைத் திருடிக்கொண்டார்கள். கத்தரிகளுக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது."

அவள் கடிதத்தை மடித்தாள். "நான் பயிற்சிக்காக இந்த ஊருக்கு ஆறு மாதம் வந்தேன். சனிக்கிழமை திரும்பிச் செல்கிறேன். அம்மாவின் போட்டோ இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. குரல் இல்லை. அந்தப் பாட்டு உங்களிடம் இருக்குமானால், அது எனக்கு வேண்டும் மேடம்."

"மேடமா? உங்கம்மா என்னை அக்கான்னு கூப்பிட்டா. அப்ப நான் உனக்குப் பெரியம்மா" என்றார் அண்ணி. "பாட்டுதானே? இந்தா, இப்பவே தர்றேன். ஃபோனை எடு."

நின்ற இடத்திலேயே பாடினார். கிளிப்பு ஆறில் தொடங்கி வரிசை மூடும் வரைக்கும். சொல் வேண்டாம் என்று தானே யோசித்து, வெறும் "தன்னானே" போட்டுப் பாடினார். அந்தப் பெண் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. தன் ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்து, நாலைந்து தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். வீட்டுக்கு வந்து என் அண்ணனிடம் மூன்று தடவை கதையைச் சொன்னார். மூன்றாம் தடவை அண்ணன் பஸ் ஓட்டிய களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

புதன்கிழமை காலை முதல் தட்டு. நான் இயந்திரத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். அண்ணி வழக்கம்போலப் பாடிக்கொண்டே அடுக்கினார். "நீட்டு இடுக்கி" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் ஏதோ உடைந்துவிட்டது என்று ஓடினேன்.

"தம்பி, இந்த நீட்டு இடுக்கி எப்ப வந்துச்சு?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். புது டாக்டர் வந்து, இதெல்லாம் வேணும்னு நாலு சேர்த்தாரே."

"அப்ப கப்பல்காரி காலத்துல?"

"ஏது? அப்ப குட்டிதான்."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நானாத்தான் உள்ள சொருகினேன். ஊசி டப்பாவை எடுத்தாங்க, அப்ப முன்பாதியில ஒரு துண்டைக் கழிச்சேன். ஒரு நாளைக்கு ஆபரேஷன் ஆறுலேருந்து இருபதாச்சு, அப்ப வேகத்தைக் கூட்டினேன். அந்தப் பொண்ணு ஃபோன்ல இருக்கிறது அவ அம்மா பாட்டில்ல தம்பி. இந்தத் தட்டோட பாட்டு."

எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். "அவளுக்குத் தெரியவா போகுது? சந்தோஷமாத்தானே போனா? விட்டுடுங்க அண்ணி."

சொன்ன பிறகுதான் தவறு புரிந்தது. அண்ணி என்னைப் பார்த்த பார்வைக்கு ஆவி இயந்திரம் தேவலை.

"தட்டுல ஒண்ணு குறைஞ்சா, யாருக்குத் தெரியப் போகுதுன்னு கட்டி அனுப்புவியா?"

"இல்ல."

"ஃபோன் போடு அவளுக்கு. பெரியம்மா தப்பான தட்டை அனுப்பிட்டேன், திருப்பி வாங்கிக்கிறேன்னு சொல்லு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லு. சரியானதைத் தர்றேன்."

"எங்கேருந்து தருவீங்க?"

"அது எனக்குத் தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாது. ஆனால் அண்ணி "தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் எப்போதும் தேட ஆரம்பிப்பார். எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அப்படித்தான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தைத் தாண்டிக் கண் பிரிவுக்குப் போனோம். கப்பல்காரி போன அடுத்த மாதமே நெட்டையக்காவை அங்கே மாற்றியிருந்தார்கள். கண் ஆபரேஷன் தட்டு சின்னது, பதினெட்டு உருப்படிதான். ஆகவே பாட்டில் முன்பாதியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அந்தத் தட்டு இத்தனை வருஷத்தில் அதிகம் மாறவில்லை. மாற்றச் சொன்னாலும் நெட்டையக்கா மாற்றமாட்டாள், அவளுக்கு டாக்டர்களே பயப்படுவார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் கேட்காமல் பாடினாள், தன் பாஷையில். எனக்குத் தெரிந்த அதே மெட்டுதான், ஆனால் நடை வேறு. நாங்கள் லிஃப்டைப் பிடிக்க ஓடுவதுபோல் பாடுவோம். அவள் பாடியது ஒரு கர்ப்பிணி நடக்கும் நடை. கண் கருவிகள் ஊசி முனை போல நுணுக்கமானவை, அவசரப்பட்டால் வளைந்துவிடும். அதனால் அந்த நிதானம் அங்கே அப்படியே நின்றுவிட்டது. நடுவில் அண்ணி கழித்துவிட்ட துண்டும் இருந்தது, சின்னதாக மேலே ஏறி இறங்கும் ஒரு வளைவு. அண்ணி அதைக் கேட்டதும் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

"இவ்ளோ அழகா இருந்ததையா ஊசி டப்பாவோட சேத்துத் தூக்கிப் போட்டேன்?"

"நீ எப்பவும் அவசரக்காரி" என்றாள் நெட்டையக்கா. "மீதிப் பாதி உன்கிட்டதான் இருக்கு. என்கிட்ட இல்ல."

ஆமாம், மீதிப் பாதிதான் சிக்கல். அதை வைத்திருந்தவர்கள் எங்கள் அறைக்காரர்கள் மட்டும். எல்லோரும் அண்ணியிடம் கற்றவர்கள், அண்ணி மாற்றியபோதெல்லாம் கூடவே மாற்றியவர்கள். அண்ணி ஒவ்வொருத்தியையும் பாடச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொருத்தியும் வெவ்வேறு பாஷையில் ஒரே தப்பைப் பாடினாள்.

மாலை நாலு மணிக்கு என்னிடம் வந்தார். "பாட்டை வச்சுத்தானே தட்டை ஞாபகம் வச்சிருந்தோம்? இப்ப தட்டை வச்சுப் பாட்டை எடுப்போம். பழைய தட்டை அப்படியே அடுக்கணும் தம்பி. அந்தக் காலத்து உருப்படி எல்லாம் வேணும்."

கழித்துக்கட்டிய பொருள்களைப் போட்டுவைக்கும் அறை ஒன்று ஜெனரேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. அதன் சாவி பெரிய சிஸ்டரிடம். அவர் எங்கள் மேற்பார்வையாளர். சிரித்து யாரும் பார்த்ததில்லை, பாட்டு என்றாலே முகம் சுளிப்பவர். "இது ஆஸ்பத்திரியா கச்சேரியா?" என்று பல தடவை கேட்டிருக்கிறார். நான் போய் நின்று, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து வைத்தார்.

"நாளைக்கு மத்தியானம் ஒரு மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும். ஒரு நிமிஷம் கூடக் கூடாது" என்றார். பிறகு, "அழுக்குப் பக்கத்து மேஜையில வைக்காதீங்க. சுத்தமான மேஜையில வைங்க" என்றார்.

இரண்டு சாக்கு முழுக்கத் துருவினேன். பல் தேய்ந்த இடுக்கிகள், முனை உடைந்த கத்தரிகள், வெட்டிய வயிற்றை விரித்துப் பிடிக்கும் கனமான பழைய வயிற்றுச் சட்டம். இப்போதைய சட்டம் அதில் பாதி எடைகூட இருக்காது. நெட்டையக்கா தன் பிரிவின் மூலையிலிருந்து ஒரு பழைய ஊசி டப்பாவைக் கண்டெடுத்து அனுப்பினாள். துரு தேய்த்து, கழுவி, துடைத்து, முப்பத்தெட்டு உருப்படியையும் எண்ணி வைத்தேன். பழைய தட்டில் முப்பத்தெட்டுதான்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். நெட்டையக்கா வந்தாள். எங்கள் பெண்கள் ஆறு பேரும் சாப்பிடாமல் நின்றார்கள். பெரிய சிஸ்டர் கதவருகே, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் நின்றார். நான் இயந்திரத்தை நிறுத்தினேன். இத்தனை வருஷமும் அதன் இரைச்சலில் எனக்குப் பாட்டு பாதிதான் கேட்டிருக்கிறது.

அண்ணி கையைக் கழுவினார். பச்சைத் துணியை விரித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

முன்பாதியை நெட்டையக்கா பாடினாள், அண்ணியின் கை அடுக்கியது. கிளிப்பு, கைப்பிடி, கத்தரி, அந்த வளைவு வந்தபோது ஊசி டப்பா. பிறகு நெட்டையக்கா நிறுத்தினாள். அண்ணி அதே நிதானத்தில் எடுத்துக்கொண்டார். குட்டி இடுக்கி ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவதை வைத்தார். அடுத்ததாக வாய் "நீட்டு" என்று போகப் பார்த்தது. கைக்கு அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. வாயும் நின்றது. விரல் மட்டும் துணியில் மெல்லத் தட்டியது, மூன்று தட்டு. பிறகு சட்டத்தை எடுத்தார், மெட்டு தானாக அடுத்த வரிக்குப் போனது, முடிந்தது.

அண்ணி கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணுமே இல்ல" என்றார். "இங்க ஒண்ணுமே கிடையாது. மூணு தட்டு சும்மா நிப்பா. வயித்து மேல கையை வச்சுக்கிட்டு நிப்பா. மூச்சு வாங்குறான்னு நெனச்சேன். காலியாத்தானே இருக்குன்னு அந்த இடத்துல போய் இடுக்கியைச் சொருகிட்டேன், பாவி."

"தாலாட்டுல ஏன் காலி இடம் வரணும்?" என்றாள் நெட்டையக்கா. "தாலாட்டுன்னா அந்த இடத்துல..." என்று ஆரம்பித்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அண்ணிக்கும் அதே நேரத்தில் பட்டுவிட்டது. இரண்டு பேரும் பிள்ளை பெற்றவர்கள். "பொறக்காத பிள்ளைக்குப் பேரு ஏது?" என்றார் அண்ணி மெதுவாக. "பேரு வைக்கிற இடத்தை விட்டு வச்சிருக்கா."

எல்லோரும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தோம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புத்தகப் பாஷை கலைந்து போயிருந்தது.

"எனக்குப் பேரு வச்ச கதையை அப்பா சொல்லியிருக்காங்க. அப்பா அவங்க அம்மா பேரு வைக்கணும்னு சொன்னாங்க. சித்தி வேற பேரு சொன்னாங்க. அம்மா கேட்கல. எங்க வீட்டில யாருக்கும் இல்லாத ஒரு பேரு வச்சாங்க. உடம்புக்கு முடியாமப் படுத்திருந்தும் பிடிவாதம். ஏன்னு யாருக்கும் தெரியல. இப்ப வரைக்கும் தெரியல."

"உன் பேரைச் சொல்லிப் பாரு" என்றார் அண்ணி. மேஜையில் மெட்டைத் தட்டிக்கொண்டு வந்தார், எட்டாவது இடுக்கியைத் தொட்டார், கையை எடுத்தார்.

அவள் தன் பேரைச் சொன்னாள். மூன்று தட்டு. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு மயிரிழை மிச்சமில்லாமல் போய் உட்கார்ந்தது.

பெண்கள் அழுதார்கள். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது? கதவுப் பக்கம் பார்த்தேன். பெரிய சிஸ்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு.

அண்ணி மட்டும் அழவில்லை. வேலை முடியாமல் அவர் அழமாட்டார். "ஃபோனை எடு, செவ்வாக்கிழமை எடுத்ததை அழி" என்றார். முதலிலிருந்து தொடங்கினார். நெட்டையக்கா முன்பாதியில் சேர்ந்துகொண்டாள், எங்கள் பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள், யாரும் எந்தப் பாஷையும் போடவில்லை. அந்தக் காலி இடம் வந்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள், அண்ணி மட்டும் அந்தக் கரகரத்த குரலில் அவள் பேரைப் பாடினார். பிறகு கடைசி வரி வரைக்கும் போய் முடித்தார்.

அந்தப் பெண் ஃபோனை நிறுத்த மறந்து நின்றாள். "பெரியம்மா," என்றாள், "எனக்கு இருபத்து நாலு வயசு. எங்கம்மா இன்னைக்குத்தான் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க."

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுறோம், இரு" என்றார். "ரெண்டு மணிக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."